விளக்கு மட்டும் எரிந்த டிரெய்லர்: குளிர்காலம் தங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஓய்வு பெற்ற பிறகு மிச்சிகனில் வாசல் பனியை வாரிக் கொட்டும் தெம்பு எங்கள் இருவருக்கும் இல்லை. நவம்பரில் கிளம்பி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் டெமிங் ஊரில் டிரெய்லரை, அதாவது வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீட்டை, நிறுத்தி, மார்ச் கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டு வருவது என்று முடிவு செய்தோம். அதற்காக ஆகஸ்டில் 28 அடி டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். விற்ற நிலையத்தின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

டெமிங் பாலைவன ஊர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 4,300 அடி உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் பகலில் ஸ்வெட்டரைக் கழற்றி வைக்கலாம். இரவில் குழாயில் தண்ணீர் உறையும். இது தெரிந்துதான் விற்பனையாளரிடம் முதல் கேள்வியே இதைக் கேட்டேன். எங்கள் மகன் வயதுப் பையன். ‘நான்கு பருவங்களுக்கும் ஏற்றது’ என்ற ஸ்டிக்கரைக் காட்டினான். பாரன்ஹீட் பூஜ்யம், அதாவது செல்சியஸில் மைனஸ் 18 வரை தாங்கும் என்றான். பிறகு சுவரில் இருந்த ‘டேங்க் ஹீட்டர்’ சுவிட்சை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

“சூடாகிறதா என்று எப்படித் தெரியும்?” என்றேன்.

“இப்போது தெரியாது மேடம். குளிர் வந்தால்தான் தானாக வேலை செய்யும்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டிகளின் அடியில் ஒட்டும் அந்தச் சூட்டுப் பட்டைகள் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் இயங்கும்; 18 டிகிரியில் நின்றுவிடும். ஆகஸ்ட் வெயிலில் அது சூடாகவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. இந்த உண்மைக்குள்தான் மோசடி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பில்லில் ‘குளிர்காலத் தொகுப்பு – 1,895 டாலர்’ என்று ஒரு வரி. முப்பது ஆண்டுகள் கணக்கு அலுவலகத்தில் அடுத்தவர் பில்களை வரி வரியாகக் கேள்வி கேட்டவள் நான். இந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

முதல் மூன்று வாரம் நன்றாகவே போனது. பக்கத்து மாவட்டங்களில் விளைந்த மிளகாய் வற்றல் கடைகளில் சரம் சரமாகத் தொங்கியது. சாம்பாருக்கு அதையே வறுத்து அரைத்தேன், குறை சொல்ல முடியாது. குக்கர் மூன்று விசில் விட்டால் எல்லாச் சன்னல்களும் வியர்த்து, கட்டிலின் ஓரம் நனையும். தோசை மாவு புளிக்க, ஃபர்னஸ் என்கிற எரிவாயுச் சூடேற்றியின் காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைக்க வேண்டும். இதெல்லாம் இந்த வாழ்க்கையோடு வருவது, புகார் இல்லை.

எரிவாயுக் கணக்குதான் முதலில் உதைத்தது. எங்கள் ஃபர்னஸ் மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும். ஒரு காலன் புரோப்பேனில் இருப்பது 91,500 பி.டி.யு. மூன்று மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் ஒரு காலன் காலி. 30 பவுண்டு சிலிண்டரில் ஏழு காலன்தான் பிடிக்கும். குளிர் இரவில் பாதி நேரம் எரிந்தால்கூட ஒரு சிலிண்டர் நான்காம் நாளைத் தாண்டாது. மின்சார ஹீட்டர் வாங்கினோம். 1,500 வாட் ஹீட்டர் ஒன்று 12.5 ஆம்பியர் இழுக்கும். எங்களுக்கு இருந்ததோ 30 ஆம்பியர் இணைப்பு. இரண்டு ஹீட்டர் ஓடும்போது ரைஸ் குக்கரைப் போட்டால் பிரேக்கர் விழும். இருட்டில் என் கணவர் டார்ச்சோடு வெளியே போவார்.

டிசம்பர் பாதியில் ஓர் இரவு மைனஸ் 7. பத்து நாட்களுக்கு மேலாகவே படுக்கும் முன் அந்தச் சுவிட்சை அழுத்தி, சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் படுத்துக்கொண்டிருந்தோம். காலையில் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது போலப் பம்பு கடகடவென்று ஓடியது, குழாயில் ஒன்றும் வரவில்லை. கழிவுத் தொட்டியின் வால்வுப் பிடியை இழுத்தால் அசையவில்லை. அறுபத்தெட்டு வயது மனிதர் சரளைக் கல்லில் குளியல் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, என் ஹேர் டிரையரை வால்வுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்த காட்சியைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்த டிரெய்லரில் மின்னசோட்டாவிலிருந்து வந்த ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் இருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “சுவிட்சைப் போட்டால் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் போகிறது?” கம்பியில் மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தார். ஒரு தொட்டிப் பட்டைக்கு ஐந்து ஆம்பியராவது ஏற வேண்டும். முள் நகரவில்லை. அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளைக் கழற்றி ஒரு மூலையைத் தாழ்த்தினார். உள்ளே மெல்லிய வெள்ளித்தாள் ஒன்று. ஃபர்னஸ் காற்று வரும் குழாய் இல்லை. தொட்டியில் பட்டை இல்லை. சட்டத்தோடு சேர்த்துக் கட்டிய இரண்டு கம்பிகள், முனைகளில் கறுப்பு டேப் சுற்றி, எதனோடும் சேராமல் தொங்கின. அத்தனை இரவும் நாங்கள் எரியவிட்டது ஒரு பொட்டு விளக்கை.

விரிசல் விட்ட முழங்கைக் குழாயை மாற்ற, வந்துபோன கூலியோடு 740 டாலர். உத்தரவாதத்தில் கேட்கலாம் என்று தொலைபேசினோம். எதிர்முனைப் பெண் இனிமையாக விசாரித்தாள்: “எத்தனை நாள் தங்குகிறீர்கள்?” “ஐந்து மாதம்,” என்று என் கணவர் பெருமையாகவே சொன்னார். பத்து நாளில் கடிதம் வந்தது. உத்தரவாதம் தற்காலிகப் பொழுதுபோக்குப் பயணத்துக்கு மட்டும். குடியிருப்பாகப் பயன்படுத்தினால் செல்லாது. எங்கள் கையேட்டில் அது இருக்கத்தான் செய்கிறது, பொடி எழுத்தில். பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதங்களில் இதே விலக்கு உண்டு. குளிர்காலம் முழுவதும் தங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே இதைப் படித்து, ஐந்து மாதத் தங்கல் எந்தக் கணக்கில் சேரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

‘நான்கு பருவம்’ என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்த அளவுகோலும் இல்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. கதவருகே ஒட்டியிருக்கும் தயாரிப்பாளர் சங்க முத்திரை மின்சாரம், எரிவாயு, குழாய், தீப் பாதுகாப்பு விதிகளுக்குத்தான், குளிருக்கு அல்ல. யார் வேண்டுமானாலும் அந்த ஸ்டிக்கரை அச்சிட்டு ஒட்டலாம்.

எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம், டிரெய்லரின் அடையாள எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிய தாள். அந்த வண்டி ஆலையை விட்டு வெளியேறியபோது என்னென்ன பொருத்தியிருந்தது என்ற பட்டியல். அதில் தெளிவாக இருந்தது: ‘தொட்டிச் சூடேற்றி: கம்பி இணைப்பு மட்டும்.’ விலை பேசும் முன்பே இந்தத் தாளைக் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். கோடையில் வாங்குகிறவர்கள் அடித்தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பத்துத் திருகு, கால் மணி நேர வேலை. இன்னொன்று: எரிவாயுவை மிச்சம் பிடிக்க மின்சார ஹீட்டர் மட்டும் போட்டால் அறைதான் சூடாகும், அடிப்பக்கத்துக்கு ஃபர்னஸ் காற்று போகும் வண்டிகளில்கூட ஃபர்னஸை அணைத்துவிட்டால் குழாய் உறையும். நாங்கள் மீதி நாட்களைப் பகலில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மாலையில் ஹோஸைக் கழற்றி உள்ளே சுருட்டி வைத்து, வண்டியைச் சுற்றி நுரைப் பலகை கட்டி ஒப்பேற்றினோம்.

தாளின் நகலோடு நிலையத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். முதலிரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு 1,895 டாலருக்குக் காசோலை வந்தது. 740 டாலரைப் பற்றி மூச்சில்லை. கூடவே ஒரு தாள்: இந்த விஷயத்தை எங்கும் பெயர் சொல்லி எழுத மாட்டோம் என்று இருவரும் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகே காசோலையை வங்கியில் போடலாமாம். என் கணவர், போட்டுவிட்டுப் போகலாம் என்கிறார். காசோலையும் தாளும் மசாலா டப்பாவுக்கு அடியில் இருக்கின்றன. நான் இன்னும் பேனாவை எடுக்கவில்லை.