டென்சோ மூன்று பின் ஆல்டர்னேட்டர்: என்ஜின் மாற்றும் வண்டிக்கு வாங்கலாமா?

பழைய ஜீப்பிலோ அம்பாசடரிலோ வேறு என்ஜின் ஏற்றுபவர்கள் ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதி) உள்ளேயே இருக்கும் இந்த ஆல்டர்னேட்டரைத் தாராளமாக வாங்கலாம். 60 முதல் 80 ஆம்பியர் போதும். செகண்ட் ஹேண்ட் என்றால் பின்களில் மாட்டும் ப்ளக்கையும் ஒயரோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

டேஷ்போர்டில் உள்ள சார்ஜிங் பல்ப் எரிந்துபோனாலும் சார்ஜ் நிற்காது என்பதுதான் இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம். டி பிளஸ் (D+) முனை உள்ள பழைய வகைகளில் ரோட்டருக்கு (உள்ளே சுழலும் மின்காந்தம்) முதல் கரண்ட் சார்ஜிங் பல்ப் வழியாகத்தான் போகும். பல்ப் போனால் என்ஜினை நன்றாக ரேஸ் செய்தால்தான் சார்ஜ் எடுக்கும், சில நேரம் அதுவும் இல்லை. இதில் உள்ள மூன்று பின்கள் ஐஜி (IG), எல் (L), எஸ் (S); ரெகுலேட்டரை எழுப்புவது ஐஜி பின்.

ஒயர் நிறத்தை நம்பாமல், பின்பக்கம் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து இணையுங்கள். ஐஜி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயருக்கு, 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக. நேரடியாக பேட்டரியில் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் ரோட்டர் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கிவிடும். எல் பின்னுக்கு 12 வோல்ட் பல்ப் வழியாக மட்டுமே. பல்ப் இல்லாமல் கொடுத்தால் ரெகுலேட்டருக்குள் டிரான்சிஸ்டர் எரியும்.

எஸ் பின்னில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பேட்டரி வோல்டேஜைப் பார்ப்பது அதன் வேலை. அதன் ஒயரை ஆல்டர்னேட்டரின் பி போல்ட்டிலேயே (சார்ஜ் கரண்ட் வெளியே வரும் முனை) இணைத்துவிட்டால் கேபிளில் விழும் வோல்டேஜ் அதற்குத் தெரியாது. 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு பேட்டரி பிளஸ் வரை கொண்டுபோங்கள். அந்த ஃப்யூஸ் ஹோல்டரில் துரு பிடித்தால் வோல்டேஜ் குறைவாகத் தெரிந்து, ரெகுலேட்டர் அளவுக்கு மேல் ஏற்றி பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்.

பி போல்ட்டிலிருந்து 16 சதுர மி.மீ. கேபிள், பேட்டரி பக்கம் 100 ஆம்பியர் ஃப்யூஸ். டேஷ்போர்டில் 30 ஆம்பியர் அம்மீட்டர் இருந்தால் அதை இந்தப் பாதையிலிருந்து கழற்றி, வோல்ட்மீட்டர் வையுங்கள். டைனமோவின் கட்-அவுட் பெட்டியும் வேண்டாம். பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரி பிளஸ் சேஸிஸில் இணைந்தது) என்றால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும். தலைகீழ் பேட்டரியில் டையோடுகள் உடனே போய்விடும். புது மவுண்டிங் ரப்பர் என்ஜினை சேஸிஸிலிருந்து பிரித்துவிடுவதால், என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் தடித்த எர்த் பட்டை கட்டாயம். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும்.

டீசல்காரர்கள் கவனிக்க: ஜப்பானிய டீசல் என்ஜின்கள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வாக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அதைக் கழற்றி பெட்ரோல் வண்டி ஆல்டர்னேட்டர் மாட்டினால் பிரேக் கல்லாகிவிடும். அங்கே இதை வாங்கவே வேண்டாம், பம்ப் உள்ளதையே வையுங்கள்.

மாட்டியபின் ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு, என்ஜினைச் சற்று ரேஸில் வைத்து அளக்கவும். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பி போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் முனையில் உள்ள லக்கின் கிரிம்ப்பை மறுபடி அடியுங்கள்.