ஒரே மதியம், ஐந்து தோழிகள்: பட்டு நூல் வளையலா, குவில்லிங் ஜிமிக்கியா, சுடுமண் நகையா?

நாலைந்து பேர் சேர்ந்து கைவேலை செய்ய உட்காரும்போது, எது அழகு என்பதற்கு முன்னால் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும்: எவ்வளவு நேரம் காயணும், கருவி எல்லோருக்கும் பத்துமா? தனியாகச் செய்யும்போது சுகமாக இருக்கிற வேலை, கூட்டத்தில் இழுத்தடிக்கும்.

நகையாக மட்டும் பார்த்தால் சுடுமண்தான் ஒசத்தி. ஒரே நாளில் மட்டும் முடியவே முடியாது. காற்றுக்குமிழி போகப் பிசைந்து வடிவம் செய்த மண் நிழலில் குறைந்தது 3 நாள் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் சுருங்கி, ஓரத்தில் வெடிப்பு விடும். உள்ளே ஈரம் இருக்கும்போதே சுட்டால் அது ஆவியாகி மணியைத் தெறிக்க வைக்கும். கம்பி நுழையும் துளையை ஈரத்திலேயே, தேவைக்குச் சற்றுப் பெரிதாகப் போட்டுவிடுங்கள்; காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால் துளையும் சிறுத்துவிடும். இரண்டு ஞாயிறு ஒதுக்க முடிந்தால் மட்டும் இதை எடுங்கள். முதல் ஞாயிறு வடிவம், நடுவில் ஒருவர் வீட்டில் காயவைத்துச் சுடுவது, அடுத்த ஞாயிறு அக்ரிலிக் பெயிண்ட்.

குவில்லிங் ஜிமிக்கிக்குச் செலவு குறைவு. காகிதப் பட்டைகளை நுனியோடு நுனி ஒட்டி, ஊசியில் இறுக்கிச் சுருட்டி, அந்தச் சுருள் வட்டத்தை மோல்டில் (அச்சில்) அழுத்திக் கிண்ணமாக்க வேண்டும். சிக்கல் ஊசியில்: வாங்கும் கிட்டில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். கிண்ணத்தின் உட்புறம் முழுக்க பெவிகால் தடவிக் காயவிடாமல் தூக்கினால், சுருள் நழுவி நீண்டு கூம்பாகிவிடும். பெவிகால் வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆன பிறகுதான் வார்னிஷ். கண்ணும் விரலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய வேலை என்பதால் அரட்டைக்கு அவ்வளவாக இடம் கொடுக்காது.

ஒரே மதியம்தான் கையில் இருக்கிறது என்றால் பட்டு நூல் வளையல்தான் எங்கள் தேர்வு. பேசிக்கொண்டே சுற்றலாம், நூல்கண்டுகளைப் பகிர்ந்துகொள்ளலாம், போகும்போது எல்லோர் கையிலும் ஒரு ஜோடி இருக்கும்.

நூல் பிரிப்பதே இரண்டு பேர் வேலை. இரண்டு நாற்காலியை ஒன்றரை மீட்டர் தள்ளிப் போட்டு, நூலை 10 சுற்று சுற்றி, ஒரு முனையில் மட்டும் வெட்டுங்கள். மறுமுனை மடிந்தே இருப்பதால் 20 இழையும் கலையாமல் நிற்கும். ஒரு செ.மீ. அகல வளையலுக்கு இந்த நீளம் போதும். இன்னும் நீளமாக எடுத்தால் சிக்கு விழும்.

பிளாஸ்டிக் வளையலின் வழவழப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, உட்புறத்தில் மட்டும் ஃபேப்ரிக் க்ளூ வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் பசை நூலில் ஊறி, காய்ந்ததும் திட்டாகத் தெரியும். இழைகள் முறுக்கிக்கொள்ளாமல் நாடா போலப் படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலால் நீவிவிடுங்கள். வளையலின் வெளிவட்டம் பெரிது, உள்வட்டம் சிறிது. அதனால் உள்ளே ஒரு சுற்று முந்தைய சுற்றின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தால்தான் வெளியே இடைவெளி விடாது. புதிதாகச் செய்பவர்கள் உள்ளேயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளியே பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கிறதே என்று மறுபடி பிரிப்பது இதனால்தான். சொரசொரப்பான விரலில் இழை மாட்டிப் பிசிறும் என்பதால், முந்தைய இரவே கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. சுற்றும்போது எண்ணெய்க்கை கூடாது, பசை பிடிக்காது.

அளவையும் கவனியுங்கள். நூல் உள்ளே ஏறுவதால் வளையல் இறுகும், வழக்கமாக 2.4 போடுபவர் 2.6 வாங்குவது நல்லது. ஸ்டோன் செயின், குந்தன் கல் ஒட்டுவதைக் கடைசி அரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லை இடுக்கியால் வைத்த பிறகு நகர்த்தினால் பசை இழுபட்டு நூலின் மினுமினுப்பு போய்விடும்.

குழந்தைகளும் சேர்ந்துகொண்டால் மட்டும் எங்கள் தேர்வு சுடுமண்ணுக்கு மாறும். 20 இழை சுற்றும் பொறுமை அவர்களுக்கு இருக்காது, பச்சை மண்ணை உருட்டுவதில் இருக்கும். அவர்களுக்கு உருண்டை மணி போதும். தட்டையான பதக்கம் காயும்போது வளைந்துவிடும். சுடும் இடத்துக்கு மட்டும் அவர்களை விடாதீர்கள்.