எண்ணூர் கழிக்கு ஹோண்டா பிஎஃப் 2.3: தனியாளுக்குச் சரிப்படுமா?

எண்ணூர் கழியில் அவுட்போர்டு என்ஜினுக்கு (படகின் பின்பலகையில் வெளியே மாட்டுவது) உப்பைவிடப் பெரிய எதிரி சாம்பல். அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்தது கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடக்கிறது. வத்தத்தில், அதாவது நீர் வற்றும் நேரத்தில், துடுப்பை ஊன்றினால் மாவு மாதிரி மேலே கிளம்பும். தண்ணீரால் குளிரும் என்ஜின் இந்தக் கலங்கலைத்தான் உறிஞ்ச வேண்டும். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) தேய்ந்து, பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஹோண்டாவின் 2.3 எச்பி அவுட்போர்டான பிஎஃப் 2.3-இல் அந்தப் பம்பே கிடையாது, காற்றில்தான் குளிர்கிறது. இந்தக் கழிக்கு இதைச் சொல்ல முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் எடை. 57 சிசி, ஒற்றைச் சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக்; மொத்தம் சுமார் 13.5 கிலோ. மீனவர் பைபர் படகில் மாட்டும் 9.9 எச்பி என்ஜின் 35, 40 கிலோ வரும், அதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். இதை ஒரே கையில் எடுத்து ஆட்டோவில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் கண்ட பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கக் கூடாது. கையேட்டில் சொன்ன பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

பன்னிரண்டு, பதின்மூன்று அடிப் படகில் ஓர் ஆளோடு மணிக்கு 7, 8 கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பின்னால் ஆளும் என்ஜினும் சேர்ந்து உட்கார்ந்தால் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கிக்கொள்ளும். பெட்ரோல் கேன், குடிதண்ணீர், நங்கூரம் மூன்றையும் முன்னால் கட்டி வைத்தால் சரியாகிவிடும்.

கிளட்ச் தானாகப் பிடிக்கும் வகை. திராட்டிலைக் குறைத்தால் புரொப்பெல்லர் நின்றுவிடும், தனியாளுக்கு இது பெரிய வசதி. குறுக்கே வலை கட்டியிருந்தால் திராட்டிலை இறக்கி, என்ஜினைத் தூக்கிவிட்டு, மிதப்புக் கயிற்றின் மேல் நழுவிப் போகலாம். வலை போட்டவர் பிழைப்பு அது. சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றித்தான் போக வேண்டும். இதே கிளட்ச்தான் ஸ்டார்ட் பண்ணும்போது வம்பு. திராட்டிலைக் கூட்டி வைத்துக் கயிற்றை இழுத்தால், பிடித்தவுடன் படகு பாயும், நின்றுகொண்டிருக்கிறவர் தண்ணீரில். உட்கார்ந்துதான் இழுக்க வேண்டும். கில்-ஸ்விட்ச் கயிறு அதற்கு முன்பே லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருக்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாத படகில் ஓட்டுகிறவர் விழுந்துவிட்டால் என்ஜினை நிறுத்த அந்தக் கயிறு ஒன்றுதான்.

ரிவர்ஸ் கியர் இல்லை. என்ஜினையே முழுசாகத் திருப்பினால் பின்னோக்கிப் போகும். திராட்டிலை இறக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். வேகத்தில் திருப்பினால் பின்பலகை வழியாகத் தண்ணீர் ஏறும். கரையில் ஒட்டும்போது இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட்டை (ஒடுக்கமான நீளப் படகு) தனியாக ஓட்டுகிறவர்களின் முறை இங்கேயும் உதவும். படகின் நடுவில் கட்டிய ஒரே கயிற்றைக் கையில் பிடித்தபடி இறங்குவார்கள். முன்கயிறு, பின்கயிறு என்று இரண்டு பக்கம் ஓட வேண்டியதில்லை.

மெத்தனத்தால் கெடுவது ஷியர் பின், புரொப்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் சிறு ஊசி. சாம்பல் திட்டில் பிளேடு மோதினால் அது ஒடிந்து கியரைக் காப்பாற்றும், அதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்தது. ஆணியைத் தட்டி மாட்டினால் அடுத்த மோதலில் கியர் போகும். ஸ்பேர் பின்னும் காட்டர் பின்னும் மூன்று ஜோடி, ஒரு பிளையர், இவை படகில் இருக்கட்டும். நைலான் நரம்பு சுற்றினால் வெட்டி எடுத்ததோடு விடாமல், புரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள். நரம்பு அங்குள்ள ஆயில் சீல் வளையத்தை அறுத்திருந்தால், தண்ணீர் கலந்து கியர் ஆயில் பால் நிறத்தில் வரும். இந்த வேலையைப் பின்னால் எக்கிச் செய்யாமல், கரையில் ஏற்றியே செய்ய வேண்டும்.

குறை என்றால் டேங்கைச் சொல்ல வேண்டும். சுமார் ஒரு லிட்டர்தான் பிடிக்கும், முழு வேகத்தில் ஒரு மணி நேரம் வந்தால் அதிகம். பழவேற்காடு பக்கம் போகிறவர் வழியில் பலமுறை ஊற்ற வேண்டும். முதலில் நங்கூரம், பிறகு என்ஜினை நிறுத்தி ஆறவிடுவது, கடைசியாகப் புனல். நங்கூரம் போடாமல் ஊற்ற ஆரம்பித்தால் மதியக் கடற்காற்று படகைப் பாலத்தூண் பக்கம் தள்ளும்.

சத்தமும் அதிகம். பின்னால் வரும் படகு காதில் விழாது, திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

பெட்ரோலிலும் ஒரு சிக்கல். இந்த வகை என்ஜின்களுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான், பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் தேங்கினால் அடுத்த முறை கயிற்றை இழுத்துத் தோள் வலிக்கும். கரையேறும் முன் பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நாள்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். பிறகு வெளியே மட்டும் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், மூடிக்குள் பீய்ச்ச வேண்டாம்.

முகத்துவாரத்தைத் தாண்டி அலைக்குள் போக இது ஆகாது. பூண்டியில் உபரிநீர் திறந்திருக்கும் நாட்களில் கழிக்குள்ளேயே வேண்டாம், அந்த இழுப்பை 2.3 எச்பி எதிர்க்காது. வாங்கும் கடையில் ஷியர் பின், பிளக், ஸ்டார்ட்டர் கயிறு கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.