மெட்ரோ கார்டா, டிமார்ட்டா, மண்டியா? ஒரு ஸ்ரீராமபுரம் மெஸ்காரியின் கணக்கு

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் 12 வருஷமாக மெஸ் நடத்துகிறேன். மதியம் 60 சாப்பாடு, ஞாயிறு லீவு. ஒரு நாளைக்கு 8 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம்பருப்பும் போகும். மாசம் 26 நாள் உலை வைத்தால் 208 கிலோ அரிசி, 26 கிலோ மூட்டையில் சரியாக எட்டு மூட்டை.

எதிர்வீட்டுத் தங்கச்சி போன மாசம் காலை டிபன் மட்டும் போட ஆரம்பித்திருக்கிறாள். "அக்கா, நானும் மெட்ரோ கார்டு போட்டுடவா, இல்ல டிமார்ட்டே போதுமா?" என்று கேட்டாள். வாசற்படியில் நின்று பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. இந்தக் கடைகளுக்கு நான் இத்தனை வருஷம் கொடுத்த பணத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கலாம். அதனால் தெரிந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன், அவளுக்கும், அவளைப் போலக் கேட்கிறவர்களுக்கும்.

நம் ஊரில் மெட்ரோ என்றால் ரயிலையும் சொல்வார்கள். நான் சொல்வது யஷ்வந்த்பூர் பக்கம் சுப்ரமண்யநகரில் இருக்கிற மொத்த விற்பனைக் கடையை. ஜெர்மன் கம்பெனி; இந்தியாவில் அவர்கள் 2003இல் கடை தொடங்கியதே நம் பெங்களூரில்தான். 2023இல் ரிலையன்ஸ் 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கிவிட்டது, நாடு முழுக்க இருந்த 31 கடைகளோடு.

எனக்குக் கார்டு போட்டபோது காசு கேட்கவில்லை. கேட்டது என் டிரேட் லைசென்ஸை. இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை உண்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே மொத்த வியாபாரத்தில் முழுப் பணமும் போட 1997இலேயே அரசாங்க அனுமதியோடு வழி இருந்தது. எல்லாச் சாமானும் விற்கிற சில்லறைக் கடைக்கு 2012 வரை கதவு மூடியே இருந்தது. அப்போதும் 51 சதவீதம் வரைதான். ஆகவே "வாங்குகிறவர் வியாபாரி" என்று கடைக்காரர் காட்டியாக வேண்டியிருந்தது. அதைக் காட்டுவதுதான் அந்தக் கார்டு. இப்போது முதலாளி மாறியிருக்கலாம், ஆனால் உள்ளே அடுக்கியிருக்கிற விதம் இன்னும் ஹோட்டலுக்கும் மளிகைக் கடைக்கும் ஏற்ற மாதிரிதான். எத்தனை எடுத்தால் என்ன விலை என்று படிப்படியாக எழுதியிருக்கும். ஒரு பாட்டில் எடுத்தால் ஒரு விலை, ஒரு பெட்டி எடுத்தால் வேறு விலை. கீழே வரி சேர்த்த விலையையும் பார்க்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் மேலே இருக்கிற பெரிய எழுத்தை மட்டும் பார்த்து மனசில் கூட்டிவிடுவார்கள்.

காசு கட்டிக் கார்டு வாங்குகிற கடையை நான் பார்த்தது அமெரிக்காவில். மகள் டல்லாஸில் இருக்கிறாள். 2024 அக்டோபரில் அவள் பிரசவத்துக்குப் போய் ஐந்து மாசம் இருந்தேன். அவளிடம் காஸ்ட்கோ கார்டும் இருந்தது, சாம்ஸ் கிளப் கார்டும் இருந்தது. "ரெண்டும் எதுக்கும்மா?" என்றேன். "ரெண்டுலயும் ஆஃபர் வருதும்மா" என்றாள். சரி என்று நான் அவள் பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன்.

காஸ்ட்கோவில் சாதாரணக் கார்டு வருஷத்துக்கு 65 டாலர், எக்ஸிகியூட்டிவ் கார்டு 130 டாலர். 2024 செப்டம்பர் முதல் தேதிதான் அந்தக் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். பெரிய கார்டுக்கு, வாங்குகிற சாமானில் 2 சதவீதம் திருப்பித் தருவார்கள். அதிகம் கொடுக்கிற 65 டாலர் திரும்பி வரவே வருஷத்துக்கு 3,250 டாலருக்குச் சாமான் வாங்க வேண்டும், மாசத்துக்கு ஏறக்குறைய 271. மகள் வீட்டில் அந்தக் கடைக்கு மாசம் 180, 200 தாண்டவில்லை. சாம்ஸ் கிளப்பில் அப்போது 50 டாலரும் 110 டாலரும். அங்கே எனக்குப் பிடித்த ஒன்று, ஃபோனிலேயே சாமானைக் காட்டிக் காட்டிக் கணக்கு முடித்துவிடலாம். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க வேண்டாம். காஸ்ட்கோவில் கிரெடிட் கார்டு என்றால் வீசா மட்டும்தான் எடுப்பார்கள், மருமகனிடம் இருந்தது வேறு.

சாமான் தரத்தில் காஸ்ட்கோதான் என் மனசுக்கு ஒரு படி மேல். மொத்தமே 4,000 சொச்சம் வகைதான் வைக்கிறார்கள். ஒவ்வொரு பொருளிலும் ஒன்றோ இரண்டோ, அதையும் நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்தது போல இருக்கும். கிர்க்லாண்ட் என்று அவர்கள் சொந்தப் பெயரில் வருகிற பாதாமும் டயப்பரும் குறை சொல்ல முடியாதவை. இவ்வளவு நயமாக விற்றுவிட்டு எதில் சம்பாதிக்கிறார்கள் என்று யோசித்தேன். சாமானில் வைக்கிற லாபத்துக்கு அவர்களே ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். லாபத்தில் பெரிய பங்கு அந்தக் கார்டுக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. குழந்தை பிறந்தபின் டயப்பர்தான் அந்த வீட்டுப் பெரிய செலவு. டயப்பர் ஒன்றுக்கு என்ன விழுகிறது என்று இரண்டு கடையிலும் பார்த்தோம், வித்தியாசம் பெயருக்குத்தான். பக்கத்தில் இருந்த கடையை வைத்துக்கொண்டு மற்றதை அவள் விட்டுவிட்டாள். கார்டு பிடிக்கவில்லை என்றால் கட்டின கட்டணத்தைத் திருப்பித் தருகிற வழக்கம் இரண்டு கடையிலும் உண்டு, அது எனக்கு மரியாதையாகப் பட்டது.

இங்கே கணக்கே வேறு. இங்கே கார்டு இலவசம், ஆனால் சாமானைத் தூக்கி வருகிற செலவும், சாமான் கெட்டுப்போகிற செலவும் நம் தலையில். மெஸ் நடத்துகிறவர்கள் பலர் நினைக்காத இன்னொன்று ஜிஎஸ்டி. மொத்தக் கடை பில்லைப் பார்த்ததும் "வரியைத் திரும்ப எடுத்துக்கலாம்" என்று சொல்வார்கள். மளிகைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக் கடை 5 சதவீத வரியில் இருந்தால், வாங்கும்போது கட்டின வரி திரும்ப வராது. ஆகவே நானும் தங்கச்சியும் வரி சேர்த்த விலையை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோ என்று அவள் கேட்டாள். 2022 ஜூலை 18இலிருந்து, லேபிள் ஒட்டி அடைத்த அரிசி பருப்புக்கு, 25 கிலோ வரைக்கும் 5 சதவீத வரி. அதற்கு மேலே போனால் வரி இல்லை. அதனால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 கிலோவாகத் தைத்துவிட்டார்கள். 5 கிலோ, 10 கிலோப் பை வாங்குகிறவர் வரி கட்டுகிறார், மூட்டை வாங்குகிறவர் கட்டுவதில்லை. எந்தக் கடையின் கார்டும் தராத தள்ளுபடி இது.

ஆனாலும் அரிசியை நான் எந்தப் பெரிய கடையிலும் வாங்குவதில்லை. மண்டிகள் இருக்கிற மொத்தச் சந்தையான யஷ்வந்த்பூர் ஏபிஎம்சி யார்டுக்குத்தான் போவேன். காரணம் குத்தூசி. மண்டிக்காரர் மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கொட்டுவார். நாலு அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்தால் பழசா புதுசா என்று தெரிந்துவிடும். பழைய அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும், சாதம் உதிரியாக வரும், அளவும் கூடும். புது அரிசி என்றால் குழைந்துவிடும். எனக்கு 8 கிலோவில் 60 பேர் சாப்பிட்டாக வேண்டும். அரிசி புதுசாகிப்போனால் 55இல் பானை காலி. கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று முத்திரை போட்ட மூட்டையை வாங்கி அந்த ஐந்து சாப்பாட்டை இழந்தால் எங்கே மிச்சம்? மூட்டை தூக்குகிற ஹமாலிக் கூலி, லக்கேஜ் ஆட்டோ எல்லாம் சேர்த்தும் எனக்கு மண்டிதான் கட்டுப்படியாகிறது, எட்டு மூட்டையையும் ஒரே நடையில் கொண்டுவருவதால். இரண்டு மூட்டைக்கு ஆட்டோ பேசினால் கட்டாது.

ஒரு தடவை மொத்த விற்பனை ஆப் ஒன்றில், பெயர் வேண்டாம், 30 கிலோ துவரம்பருப்பு போட்டேன். வீட்டு வாசலுக்கே வந்தது, விலையும் நயம். மூன்று விசில் வைத்த இடத்தில் ஏழு விசில் வைத்தும் பருப்பு கல்லு மாதிரி நின்றது. கேஸ் செலவும் போச்சு, பத்து நாள் சாம்பாரும் கெட்டது. வாடிக்கையாளர் ஒருவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனதை இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து பருப்பை முதலில் ஒரு கிலோ வாங்கி வேகவைத்துப் பார்க்காமல் மூட்டை எடுப்பதில்லை.

எண்ணெய்க்கு மெட்ரோதான். சூரியகாந்தி எண்ணெய் டின் மாசம் இரண்டு. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டின்னில் எழுதியிருப்பது 15 கிலோவா, 15 லிட்டரா? ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13 கிலோ 650 கிராம். 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர். பார்த்தால் இரண்டு டின்னும் ஒன்று போலத்தான் இருக்கும். பாக்கெட்டில் இன்னும் மோசம், 910 கிராமுக்குப் பக்கத்திலேயே 850 கிராம் பாக்கெட்டும் அதே உயரத்தில் நிற்கும். கைப்பேசியில் விலையைக் கிராமால் வகுத்துப் பார்க்காமல் நான் எண்ணெய் எடுத்ததே இல்லை. காலி டின்னைப் பழைய சாமான்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறார், பாக்கெட் கவரை எடுக்கமாட்டார். அதையும் கணக்கில் சேருங்கள்.

தக்காளி சாஸ், வினிகர், பாத்திரம் தேய்க்கிற திரவம் ஐந்து லிட்டர் கேன், பார்சல் டப்பா, டிஷ்யூ இவற்றுக்கும் அங்கேதான் போகிறேன். இவையெல்லாம் கெட்டுப்போகாது, ஒரே நடையில் கிடைக்கும். நெய்யும் அங்கேதான். 2025 செப்டம்பர் 22இலிருந்து நெய்க்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபின், சனிக்கிழமை பருப்புப்பொடிக்கு ஊற்றுகிற கரண்டியைக் கொஞ்சம் பெரிசாக்கினேன்.

கெட்டுப்போகிற சாமானை மொத்தமாக வாங்கி ஒரு மழைக்காலத்தில் பட்டுவிட்டேன். ஒரு மொத்தக் கடையில் ரவை ஆஃபர் என்று 20 கிலோ தூக்கி வந்தேன். ஆகஸ்ட் ஈரத்தில் மூன்றாவது வாரமே வண்டு. சலித்தேன், வெயிலில் போடலாம் என்றால் வெயில் இல்லை. 11 கிலோவைக் கொட்டினேன். சாப்பாட்டுச் சாமானைக் கொட்டுவது எனக்குப் பொறுக்காத காரியம், அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ரவை, மைதா, கடலைமாவு, காப்பித்தூள், மசாலாத்தூள் எல்லாம் இரண்டு வாரத்தில் தீருகிற அளவுக்கு மேல் வாங்குவதில்லை.

அந்த அளவுக்கு டிமார்ட் நன்றாக இருக்கிறது. கார்டு கிடையாது, லைசென்ஸ் கேட்கமாட்டார்கள், யாரும் போகலாம். மும்பையில் 2002இல் ஆரம்பித்த கடை. பெரும்பாலும் சொந்தக் கட்டிடத்தில் நடத்துகிறார்கள், வாடகை மிச்சமாவது விலையில் தெரிகிறது. சர்க்கரை, ரவை, சேமியா, சோப்பு இவற்றில் ஒரு பாக்கெட் வாங்கினாலும் விலை நியாயமாக இருக்கும். வீட்டுக்கு மட்டும் வாங்குகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். நாலு பேர் இருக்கிற வீட்டுக்காக வேறொருவர் கார்டை இரவல் வாங்கிக்கொண்டு மொத்தக் கடைக்குப் போகாதீர்கள். வண்டி பெரிசு, பாக்கெட் பெரிசு, எடுத்துக்கொண்டே போவோம்.

போன வியாழக்கிழமை தங்கச்சியை என்னோடு கூட்டிப் போனேன். முதலில் யார்டு. இட்லி அரிசி அவளுக்கு ஒரு நாளைக்கு 3 கிலோ. ஒரு மூட்டையை அவளே கடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள், என் ஆட்டோவிலேயே ஏற்றினோம். உளுந்து 1 கிலோ மட்டும், ஊறப்போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டாள். அப்புறம் மெட்ரோ. அவளிடம் சாப்பாட்டுத் தொழிலுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருக்கிறது, டிரேட் லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. இந்த மாசம் அவள் எண்ணெய் டின்னை என் கார்டிலேயே சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் பில் என் மெஸ் பெயரில் வருகிறது, இன்னொருவர் கொள்முதலை அதில் கலக்க எனக்குச் சம்மதமில்லை. முகம் கொஞ்சம் வாடிவிட்டது. நான் எடுத்த டின்னில் 15 கிலோ என்று எழுதியிருக்கிற இடத்தை மட்டும் அவளுக்குக் காட்டினேன்.

நேற்று ராத்திரி மாவுக் கிண்ணத்தோடு வந்தாள். உளுந்து நன்றாகப் பொங்கியிருந்தது. "இன்னும் பத்து கிலோ எடுக்கலாம்க்கா, அடுத்த நடை எப்போ?" என்றாள்.