தேதி அச்சு டெஸ்ட்: படத்தை ஒப்பிடுவதா, மதிப்பைச் சரிபார்ப்பதா?

பைதானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்பை அடிப்படையாக வைத்து எழுதிய எங்கள் லைப்ரரிக்கு வரும் தேதி டெஸ்ட்களை ரிவியூ செய்வது ஒரு வருடமாக என் பொறுப்பு. படங்களை ஒப்பிடும் டெஸ்ட்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு, வரைபடத்தின் அச்சில் (ஆக்ஸிஸில்) விழும் தேதிகளை நேராகச் சரிபார்க்கும் டெஸ்ட்களை வைத்தோம். அந்த முடிவில் நான் உறுதியாக இருக்கிறேன்.

படம் ஒப்பிடுவது எழுதச் சுலபம். வரைந்து, சேமித்து வைத்த பேஸ்லைன் படத்தோடு ஒப்பிட வேண்டியதுதான். ஆனால் ஃபான்ட் ரெண்டரிங் மெஷினுக்கு மெஷின் மாறும். அதைச் சமாளிக்க டாலரன்ஸை, அதாவது எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம் என்பதை, 5 என்று வைத்திருந்தோம். அங்கேதான் ஓட்டை. பிரஸ்ஸல்ஸில் 2011 மார்ச் 27 அன்று கடிகாரம் இரண்டு மணியிலிருந்து மூன்றுக்குத் தாவியது. எங்கள் கோட் அந்த மாற்றத்தை ஒரு டிக் (அச்சில் தேதி எழுதும் குறி) தள்ளி எடுத்துக்கொண்டு, 03:00 வரவேண்டிய இடத்தில் 02:00 என்று எழுதியது. 640க்கு 480 படத்தில் ஒரே ஓர் இலக்கம். அதில் முப்பது பிக்சல் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறினால்கூட ஆர்எம்எஸ் பிழை (படம் முழுவதுக்குமான சராசரி வித்தியாசத்தின் ஓர் அளவு) 2.5தான் வரும். அது டாலரன்ஸுக்குள் என்பதால் டெஸ்ட் பாஸ் என்று பச்சை காட்டியது. ரிமூவ்_டெக்ஸ்ட் ஆப்ஷனைப் போட்டிருந்தால் இன்னும் மோசம், டிக் எழுத்துகளே படத்தில் இருக்காது.

அதைவிட என்னைச் சோர்வடைய வைத்தது பராமரிப்பு. டிக் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் லொக்கேட்டரை ஒருவர் மாற்றிவிட்டு ஏழு பிஎன்ஜி கோப்புகளைப் புதுப்பித்து அனுப்புவார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கண் வலிக்கப் பார்ப்பேன். எந்தத் தேதி நகர்ந்தது என்று டிஃபில் (எந்த வரி மாறியது என்று காட்டும் பட்டியலில்) ஒரு வரி இருக்காது. இப்போது டிஃபில் '2011-03-27 02:00:00+01:00' போய் '2011-03-27 03:00:00+02:00' வருகிறது. பத்து விநாடியில் சரியா தவறா என்று சொல்லிவிடலாம்.

மதிப்பு டெஸ்ட்டிலும் ஒரு பொறி உண்டு. தேதியை வெறும் எண்ணாக எழுதாதீர்கள். மேட்பிளாட்லிப் தேதியை ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய நாள்களாக வைத்திருக்கும். 2000 ஜனவரி 1 என்பது அதில் முன்பு 730120. 2020இல் வந்த 3.3 பதிப்பில் தொடக்க நாள் 1970 ஜனவரி 1 ஆனதும் அதே நாள் 10957. மாற்றத்துக்கு நல்ல காரணம் இருந்தது. ஏழு லட்சத்தைத் தாண்டிய எண்ணில் 64 பிட் ஃப்ளோட்டின் (தசம எண் வகையின்) இரண்டு அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே சுமார் 10 மைக்ரோவிநாடி இடைவெளி. பத்தாயிரத்துச் சொச்சத்தில் அது 0.2க்கும் கீழே. ஆனால் 730120 என்று டெஸ்ட்டில் எழுதியிருந்தால் உடையத்தான் செய்யும். எண்ணைத் தேதியாக மாற்றி, சரமாக (ஸ்ட்ரிங்காக) ஒப்பிடுங்கள், டைம்ஸோன் வித்தியாசத்தோடு.

ஒரே படத்தை இரண்டு வழியில் வரைந்து ஒப்பிடும் செக்_ஃபிகர்ஸ்_ஈக்வல் மூன்றாவது வழி. பைதானின் டேட்டைம், நம்பை லைப்ரரியின் டேட்டைம்64 ஆகிய இரண்டு தேதி வகைகளும் படத்தில் ஒரே கோட்டைத் தருகின்றனவா என்று பார்க்க அருமையானது, பேஸ்லைன் கோப்பும் வேண்டாம். இரண்டு வழியும் ஒரே தவற்றைச் செய்தால் மட்டும் கண்டுபிடிக்காது.

படங்களை முழுதாகத் தூக்கிவிடவில்லை. நீளமான தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா என்பதை மதிப்பு டெஸ்ட் காட்டாது. அதற்காக இரண்டு பேஸ்லைன் வைத்திருக்கிறோம், இரண்டும் பிஎன்ஜி. எஸ்விஜி, பிடிஎஃப் பக்கம் நான் அதிகம் வேலை பார்த்ததில்லை. அங்கே படம் ஒப்பிடுவதற்குக் கூடுதல் நியாயம் இருக்கலாம்.