நன்னீர் இறால் வளர்ப்பு: எல்லாம் ஆணா, எல்லாம் பெண்ணா?

ஸ்காம்பி எனப்படும் பெரிய நன்னீர் இறாலில் ஆண்தான் பெரிதாக வளரும். பெண் தன் சத்தை முட்டைக்குச் செலவழித்துவிடும். அதனால் குளம் முழுக்க ஆண் குஞ்சு விட்டால் லாபம் என்பது பழைய கணக்கு. கேரளத்தின் குட்டநாட்டில் கையால் பிரித்தே இப்படி வளர்த்துப் பார்த்தார்கள். குஞ்சைப் புரட்டி, ஐந்தாம் காலின் அடிப்பகுதியில் இனப்பெருக்கத் துளை இருந்தால் ஆண், மூன்றாம் காலின் அடிப்பகுதியில் இருந்தால் பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூலியும் அதிகம், குஞ்சுக்கும் வாதை.

இப்போது இருக்கும் இரண்டு வழிகளுமே ஆண் இறாலின் உடலில் உள்ள ‘ஆண் சுரப்பி’யைப் பிடித்துத்தான் நடக்கின்றன. இன்சுலினை ஒத்த அதன் ஹார்மோன் சுரந்தால் இறால் ஆணாகும், இல்லாவிட்டால் பெண்ணாகும்.

முதல் வழி முழு ஆண். இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் அமீர் சாகியின் குழு, அந்த ஹார்மோனின் மரபணுவை ஊசி மூலம் அடக்கி, ஆணை முட்டையிடும் பெண்ணாகவே மாற்றி 2012-இல் வெளியிட்டது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. மரபணுவின் கட்டளையைச் சுமந்து கிளம்பும் தூது ஆர்.என்.ஏ. மட்டும் சிதைந்துபோகிறது. பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் ஆண் இறாலில் இசட்-இசட், பெண்ணில் இசட்-டபிள்யூ. இந்தத் தாயும் இசட்-இசட், தகப்பனும் இசட்-இசட், பிறப்பதெல்லாம் ஆண். விவசாயி வாங்கும் குஞ்சுக்கு ஊசியே போடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இரண்டாவது முழுப் பெண். 2016-இல் அதே குழு ஆண் சுரப்பியின் செல்களைப் பெண் இறாலுக்குள் ஒரே முறை செலுத்தி அதை ஆணாக்கியது. அதைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் கால்வாசிக் குஞ்சுகள் டபிள்யூ-டபிள்யூ. பெண்களாகவே வளரும் இவற்றைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் பெண். ஒரு தலைமுறை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எதை எடுப்பது? ஆண் குளத்தில் பெரிய நீலக்கொடுக்கு, நடுத்தர ஆரஞ்சுக்கொடுக்கு, சிறிய குட்டை ஆண் என்று அடுக்கு உருவாகும். நீலக்கொடுக்கன் இருக்கும்வரை குட்டை ஆண்கள் வளராது. அடிக்கடி வலை போட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டே இருக்க முடிந்தால், பெரிய இறாலுக்கு நல்ல விலை தரும் வாங்குபவரும் இருந்தால், ஆண் குஞ்சு விடலாம். நெருக்கமாக விட்டு ஒரே தடவையில் அறுவடை செய்பவர்களுக்குப் பெண்தான் என் தேர்வு: தனித்தனியே சிறிது, ஆனால் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், ஆண்களைப் போல அடித்துக்கொள்ளாது.

எதை வாங்கினாலும் ஹேச்சரியில் (குஞ்சு பொரிப்பகத்தில்) ஒன்று கேளுங்கள்: கையால் பிரித்த குஞ்சா, பாலினம் மாற்றும் முறையில் வந்த குஞ்சா? கையால் பிரித்ததில் எதிர்ப் பாலினக் குஞ்சும் கலந்து வரும்.