கடைசி அரை மில்லிமீட்டர்

பல்லைக் கடையும் என் எலக்ட்ரிக் ஹேண்ட்பீஸ் (மோட்டாரில் ஓடும் கைக்கருவி) நேற்றுதான் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. நான்கு வருடத்தில் மூன்றாவது தடவை. இந்த நேரம் பார்த்து ஜூனியர் ஒருத்தி போன் செய்து, "அக்கா, கிரவுன் பிரெப் ஃபினிஷ் பண்ண எது நல்லது? டைமண்டா, கார்பைடா, இல்ல எலக்ட்ரிக்கே வாங்கிடவா?" என்று கேட்டாள். கிரவுன் பிரெப் என்றால் உறை போடுவதற்காகப் பல்லைச் சுற்றிலும் சீவுவது; டைமண்டும் கார்பைடும் அதற்கான பர், அதாவது கருவியில் மாட்டும் சுழல்முனை.

பல்லைக் குறைக்கும் வேலைக்கு, காற்றழுத்தத்தில் ஓடும் ஏரோட்டர் போதும், அதில் எனக்குக் குறையே இல்லை. தொல்லை கடைசி அரை மில்லிமீட்டரில்தான். சும்மா சுற்றும்போது நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றைத் தாண்டும் அதன் டர்பைன், பல்லில் கொஞ்சம் அழுத்தியதும் தளர்ந்துவிடும். கையைத் தளர்த்தினால் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே மார்ஜினில், அதாவது உறை வந்து முடியும் ஓரத்தில், பதியும். எலக்ட்ரிக்கில் மோட்டாரை 5,000-இல் வைத்தால், ஐந்து மடங்கு கூட்டும் ஹெட்டில் பர் 25,000-இல் சுற்றுகிறது. அழுத்தினாலும் வேகம் விழுவதில்லை. ஈறை ஒட்டி ஒரே இழுப்பாகக் கோடு போட முடிகிறது.

பர் விஷயத்தில் நான் சிவப்பு வளைய (நைசான) டைமண்ட் பக்கம். ஒரே நிபந்தனை: முதலில் பல்லைக் குறைத்த பச்சை வளையத்தில் (சொரசொரப்பானது) எந்த வடிவம், எந்த அளவோ, சிவப்பிலும் அதே. 016 அளவு சாம்ஃபருக்கு (உருண்டை முனை பர்) பின் 016 சாம்ஃபர். முனையில் பாதிக்கு மேல் பல்லுக்குள் இறக்கினால் ஓரத்தில் மெல்லிய எனாமல் உதடு நின்றுவிடும், அதை எந்த ஃபினிஷிங் பரும் சரிசெய்யாது. 12 பிளேடு கார்பைடு எலக்ட்ரிக்கில் அருமையாக வெட்டும், ஆனால் பரைப் பிடிக்கும் சக் தேய்ந்த ஏரோட்டரில் போட்டால் அதிர்ந்து அலை அலையாகக் கோடு விழும். இன்னும் நைசான மஞ்சள் வளையம் எனக்குத் தேவைப்படவில்லை. சிமெண்ட் பிடிக்க வேண்டிய சுவரைக் கண்ணாடியாக்கி என்ன செய்வது? வழவழப்பு மார்ஜினுக்குப் போதும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. "டாக்டர், மார்ஜின் எங்கே முடியுதுன்னு தெரியல" என்று உறை செய்யும் லேபிலிருந்து வரும் போன் எலக்ட்ரிக் வந்தபின் நின்றே போனது. இப்போது சர்வீஸுக்குப் போயிருந்த மூன்று வாரத்தில் அந்த போன் இரண்டு தடவை வந்தது.

இத்தனை சொல்லியும் எலக்ட்ரிக் வாங்காதே என்றுதான் அவளிடம் சொன்னேன். தினமும் எண்ணெய் விட்டு, ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கம்) செய்து, குழந்தை மாதிரி பார்த்தும் பேரிங் போகிறது. அப்போது ஏரோட்டரைப் போல அது திணறிக் காட்டுவதில்லை, வேகம் குறையாமல் தலை மட்டும் சுடும். மரத்துப்போன உதட்டுக்கு அந்தச் சூடு தெரியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-லேயே இந்தத் தீக்காயம் பற்றி எச்சரித்திருக்கிறது. ஒவ்வொரு பிரெப்புக்கும் நடுவே தலையை விரலால் தொட்டுப் பார்க்கிறேன், நான்கு வருடமாக. மேல் ஏழாம் பல்லின் பின்பக்கத்துக்கு அந்தப் பெரிய தலை போவதும் சிரமம். முதலில் நல்ல சிவப்பு வளைய பர்களும் புது சக் போட்ட ஏரோட்டரும் வாங்கிக்கொள் என்றேன்.

நாளைக்கு இரண்டு பிரெப் இருக்கிறது. எலக்ட்ரிக்கைத்தான் ஆட்டோகிளேவில் போட்டிருக்கிறேன்.